குடை இல்லாதவன்

பத்தரை மணிக்கு என் வண்டிக்கு எதிரே
தேவாலயப் படியில் மூன்று பேர் நிற்பார்கள்.
இல்லை, இரண்டு பேர்.
மூன்றாமவன் இனிமேல்தான் வருவான்.

பெர்காமோவிலிருந்து தனியாக வந்தவள்,
கையில் மூன்று துண்டுச் சீட்டு.
ரொட்டியைப் பிளந்து மண்ணீரல் அடுக்கிக்கொண்டிருந்தேன்.
'யாரோடு போகட்டும்?' என்றாள்,
எந்தப் பல்லைப் பிடுங்கலாம் என்று கேட்கும் குரலில்.

மஞ்சள் குடை மரிலேனா.
மூன்று மணி நேரம், ஒன்பது வாய்.
எலுமிச்சை ஐஸில் தொடங்கிக் கன்னோலியில் முடியும்.
கழிப்பறை எங்கே என்று துல்லியமாகச் சொல்வாள்.
குறை சொல்ல முடியாது.
என் வண்டி முன்னால் மட்டும்
கொஞ்சம் வேகமாக நடப்பாள்.
மண்ணீரல் என்றதும் முகங்கள் மாறுகின்றனவாம்.

சிவப்புக் குடை ரொசோலினோ, படித்த மனிதர்.
ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்தால்
அரபியர், நார்மானியர், ஸ்பானியர்
எல்லோரும் கப்பலில் வந்து இறங்கிப் போனபிறகுதான்
அது உங்கள் வாய்க்கு வரும்.
அதற்குள் ஆறியிருக்கும்.

மூன்றாமவன் கஸ்பாரே. குடை கிடையாது.
போன மழைக்கு என்னுடையதை வாங்கிப் போனான்,
அதுவும் வரவில்லை.
எனக்குப் பதினான்கு ரொட்டி பாக்கி.
ஆலிவ் விற்கும் நுன்சியாவுக்கு,
ஆட்டுக்குடல் சுடும் சாரோவுக்கு,
கடலைமாவு வில்லை பொரிக்கும் இரட்டையருக்கு...
யாருக்குத்தான் இல்லை?

'அவனோடு போங்கள்' என்றேன்.

பல்லரோ சந்தையில்
அவன் பெயரைச் சொல்லிக் கத்தாத கடை இல்லை.
நின்று பதில் சொல்லாமல் நகர முடியாது அவனால்.
அவன் சொல்லி முடிக்கும்வரை
உங்கள் கையில் யாராவது எதையாவது
வைத்துக்கொண்டே இருப்பார்கள்,
இந்த அம்மாவே சாட்சி என்று.
தலைகாட்ட முடியாத கடைகளைச் சுற்றிப் போக
அவனுக்குச் சந்துகள் தெரியும்.
அங்கே தலைக்குமேல் போர்வை காயும்,
யார் வீட்டிலோ நெத்திலி பொரியும்,
சன்னலிலிருந்து வசவு விழும்.
அதற்குக் கட்டணம் இல்லை.

என் சுயநலத்தையும் சொல்லிவிடுகிறேன்:
அவனுக்கு வரும்படி இருந்தால்தானே
எனக்கு என் பதினான்கு.

பதினொன்றுக்கு வந்தான்,
சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு.
போனார்கள்.

நாலரைக்கு அவள் மட்டும் திரும்பினாள்,
காலணியைக் கையில் பிடித்தபடி,
உதட்டோரம் எள்.
சாரோ கடைக்கு முந்தின திருப்பத்தில்
கஸ்பாரே காணாமல் போனானாம்.
மீதிச் சந்தையை சாரோவே காட்டினாராம்.

ஒரு ரொட்டி கேட்டாள். மண்ணீரலோடுதான்.
எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன்.
நின்றபடியே தின்று முடித்து
விரலை நக்கிவிட்டுச் சொன்னாள்:
'அவர் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.'

பதினைந்து.