படிமுறைக்கு இரண்டு புள்ளி

சுனாமி மிசின் கடைசிச் சுற்றை முடித்து
வாய்க்கால் கரையில் ஏறி நின்றது.
நிந்தவூர் அன்சார் இறங்கி
லேஞ்சியால் கழுத்துச் சுணையைத் துடைத்தார்.
"ரெண்டரை ஏக்கர், அக்கா. ஏக்கர் பதினையாயிரம்.
முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு."

ரெண்டரை என்று சொன்னது நான்தான்.
பேர்மிற்றில் அப்படித்தான் கிடக்கிறது.
பசளைக்கும் அதையே எழுதினேன்
விதைநெல் கடனுக்கும் அதையே.
மூட்டையை எண்ணினால் மட்டும்
ஒவ்வொரு மாசியும்
கணக்கு உதைக்கிறது.

சாதாரண தரத்தில் கணிதம் மூன்று தரம் எழுதினேன்,
மூன்று தரமும் டபிள்யூ.
மல்லாவியில் ஒரு தவணைப் பரீட்சையில்
விடை சரியாய் வந்தும் சிவப்பு மையில் கிடந்தது:
படிமுறை எங்கே? இரண்டு புள்ளி குறைப்பு.

"தேத்தண்ணி குடியுங்கோ தம்பி,
அளந்துபோட்டு வாறன்."

தரவு: ஒரு நாற்பக்கல்.
எந்தப் பக்கமும் எதற்கும் சமனில்லை.
உச்சிகள் மதகு, கறையான் புற்று, பாலைமரம்,
வன இலாகாவின் கல்.

அமைப்பு: மதகையும் பாலையையும் இணைக்க.
பக்கத்துக் காணித் தவச்செல்வி
நைலோன் கயிற்றின் மற்ற நுனியைப் பிடித்தாள்.
முப்பது மீற்றர்க் கயிறு நான்கு தரம் விழுந்தது.
நூற்றிருபது.

புற்றிலிருந்து மூலைவிட்டத்துக்குச் செங்குத்து.
முதல் தரம் எழுபத்துநான்கு வந்தது.
"சாய்ஞ்சு போட்டுதடி" என்றாள்.
மூன்று, நான்கு, ஐந்து என்று கயிற்றில் முடிச்சிட்டு
அரிதாளுக்குள் முழங்காலில் இருந்து
மூலையை நேராக்கினேன்.
எழுபது.
கோட்டுக்குப் போகிற வழிகளில்
செங்குத்துத்தான் குறுகினது.
கல்லிலிருந்து அறுபத்திரண்டு.

பரப்பு = அரை × 120 × (70 + 62)
= 60 × 132
= 7920 சதுர மீற்றர்.
ஏக்கருக்கு நாலாயிரத்து நாற்பத்தேழு.
இரண்டு ஏக்கருக்கே
நூற்றெழுபத்துநான்கு காணாது.

கொப்பியைப் பார்த்து அன்சார் சிரித்தார்.
"சரி அக்கா, ரெண்டெண்டே போடுங்க."
முப்பதாயிரம்.
ஏழாயிரத்து ஐந்நூறு மிச்சம் என்று
தவச்செல்வி கை தட்டினாள்.
நான் தட்டவில்லை.
வென்றது வழக்குத்தான்,
தோற்றது அரை ஏக்கர்.

மீளக் குடியேறி வந்த வருசம்
கல் அங்கே நின்றது.
கல் வரைக்கும் பற்றை வெட்டினோம்.
அதற்கப்பால் காடு என்றார்கள்,
காடு மாதிரித்தான் இருந்தது.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.
கல் நிற்க வேண்டிய தூரம் x என்க.
60 (70 + x) = 10117.5
70 + x = 168.6
x = 98.6
அறுபத்திரண்டைக் கழித்தால் முப்பத்தாறரை.
செங்குத்து அதே நேரில் போகும் என்று
நானாக எடுத்துக்கொண்டதையும்
கீழே எழுதி வைத்தேன்.
எடுகோளை மறைத்தாலும் புள்ளி போகும்.

கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு
கல்லைத் தாண்டினேன்.
ஈச்சம்பற்றை, விண்ணாங்கு, யானை இலத்தி.
முப்பதில் ஒன்றுமில்லை.
முப்பத்துநாலில் ஒன்றுமில்லை.
முப்பத்தேழுக்குக் கிட்ட
கால் இடறியது.
சருகை விலக்கினால்
முழங்கால் உயரத்தில் நீட்டுக்கு மண்,
நடுவில் நீர் போக விட்ட வாய்,
வாய்க்குக் குறுக்கே உடைந்த சீமெந்துப் பலகை.
காடு வரம்பு கட்டாது.

அன்சாரின் மிசின் அடுத்த வயலில் இரைந்தது.
அவர் தந்த துண்டின் பின்பக்கத்தில்
முதல் வரியிலிருந்து திரும்ப எழுதத் தொடங்கினேன்,
திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்கு.
படமும் கீறினேன், அடிமட்டம் இல்லாமல்,
கொஞ்சம் கோணலாய்.

அந்தக் கல்லை நட்டவரும்
ஒரு விடைதான் எழுதியிருக்கிறார்.
கேட்கப் போவது ஒன்றுதான்:
ஐயா, படிமுறை எங்கே?