எத்தனை மிளகாய்

கோதாங் படித்துறையில் என் கைப்பேசி
அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு
அரைமணி முன்னால் ஓடிவிட்டது.
கடைச் சுவரில் இரண்டு கடிகாரம்:
பர்மாவுக்கு ஆறே முக்கால்,
தாய்லாந்துக்கு ஏழே கால்.
எனக்கு இரண்டிலும் பசித்தது.

மோல்மேனிலிருந்து இரண்டு ராத்திரி பஸ்.
ரனோங்கிலிருந்து ஜிப்பும் நூல்கண்டும்
படகில் வந்து இறங்க வேண்டும்.
சரக்கு நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டான் கோ தெயின்,
வாய் நிறைய வெற்றிலையோடு, வருத்தமே இல்லாமல்.
எனக்கும் வருத்தமில்லை.

ஆற்று வாய்க்கு அப்பால் விளக்குகள்.
பதினாலு வருஷமாக அங்கிருந்து சரக்கு எடுக்கிறேன்,
ஒருநாளும் கடந்து போனதில்லை.
பாஸ், போட்டோ, முத்திரை, வரிசை.
சமையல் மட்டும் எதுவும் காட்டாமல்
படகேறி வந்து இங்கே கடை போட்டுவிட்டது.

பிளாஸ்டிக் ஸ்டூல்.
பிசுபிசுத்த மேசைவிரிப்பில் அச்சடித்த ஆரஞ்சுப் பழங்கள்.
முதலில் சூப் வந்தது.
நடுவில் புகைபோக்கி வைத்த அலுமினியச் சட்டியில்
இறால், காளான், எலுமிச்சம்புல்,
அட, நம் சித்தரத்தைக்கு அக்காள்!
மார்ச்சளிக்கு இடித்து, மூக்கைப் பிடித்து
விழுங்க வைத்த சரக்கை
இவர்கள் விருந்துக்குப் போடுகிறார்கள்.
மருந்து என்று சொல்லாமல் கொடுத்திருந்தால்
அன்றைக்கே இன்னொரு கிண்ணம் கேட்டிருப்பேன்.

பிறகு அந்தப் பெண் மண்ணுரலைத் தூக்கிவந்து
என் முன்னாலேயே வைத்தாள்.
பெயர் கேட்டேன். நொய் என்றாள்.
ஏன் சிரித்தேன் என்று அவளுக்கு விளக்கப்
போதுமான பர்மீஸ் என்னிடம் இல்லை.
எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாக நொய்க்கஞ்சி.
அவருக்கு வயிற்றுப்புண்.
தாளிப்பில்கூட மிளகாயைக் காட்டாதே என்றார் டாக்டர்.
எனக்கென்று தனிச் சட்டி வைக்கச் சோம்பல் என்று
கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.
அவர் எதிரே உட்கார்ந்து
கஞ்சியை ஊதிக்கொண்டிருக்கும்போது
யார் தின்பது வற்றல் குழம்பு?

பப்பாளிக்காயை உள்ளங்கையில் நிறுத்தி
கத்தியால் கொத்திக் கொத்திச் சீவியபடி
நொய் கேட்டாள்:
எத்தனை மிளகாய்?

உப்புப் போட்டியா என்று கேட்டிருக்கிறார்கள்.
இதை யாரும் கேட்டதில்லை.

ஏழு.

"குன்னிட்?"
விரல் விரித்துச் சரிபார்த்தாள்.
பக்கத்து மேசைப் படகுக்காரர்கள்
மீனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.
ஆமாம், ஏழு.

டொக். டொக் டொக்.
பூண்டு, பனைவெல்லம், காராமணி, காய்ந்த இறால்,
மீன்சாறு ஒரு வீச்சு,
எலுமிச்சை பிழிந்து தோலையும் உள்ளே போட்டாள்.
ஒரு கையில் உலக்கை, மறு கையில் கரண்டி,
மாமியாரும் மருமகளும் போல
ஒன்று இடிக்க ஒன்று புரட்ட.

முதல் வாய் இனிப்பு.
அடுத்தது புளிப்பு, பல் கூசியது.
மூன்றாவதில் காது அடைத்தது.
கண், மூக்கு, நெற்றி, பின்கழுத்து,
ஒழுக இடமிருந்த இடமெல்லாம் ஒழுகியது.
அம்மாடி.
ஒட்டரிசிச் சோற்றை உருட்டி, ஒற்றி,
இன்னொரு வாய்.

அப்போதுதான் போன்.
"என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு? அழறியா?"
"இல்லை. சாப்பிடுறேன்."
மூக்கை உறிஞ்சினேன்.
"எத்தனை?" என்றார்.
விஷயம் தெரிந்தவர்.
ஒரு காலத்தில் பழையதுக்கு
பச்சைமிளகாயை வெள்ளரிப்பிஞ்சு போலக் கடித்தவர்.
"ஏழு."
அந்தப் பக்கம் எங்கள் மின்விசிறியின் கிரீச்சு மட்டும் கேட்டது.
"எனக்குச் சேர்த்து
ஒண்ணு போடச் சொல்லு."

தாய் மொழியில் எட்டுக்குப் பேட்,
காரத்துக்குப் பெட். காலையில்தான்
கோ தெயினிடம் கற்றிருந்தேன்.
தடித்துப்போன நாக்கோடு நொய்யைக் கூப்பிட்டு
"பேட்" என்றேன்.
"பெட், பெட்!" என்று அவள் பரிதாபமாகத் தலையாட்டி
ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

நான் உரலைக் காட்டினேன்.