புகார் எண்

ஸ்காட்லாந்து வரைபடத்தின் மேற்கு ஓரத்தில்
அச்சுப்பிழைபோல் ஒரு புள்ளி, எங்கள் தீவு.
நாற்பத்தொரு வீடு.
வீட்டுக்கு ஐந்து கிலோவாட், அதற்குமேல் கிடையாது.
தேவாலயத்துக்கும் ஐந்துதான்.
கர்த்தருக்குத் தனிக் கணக்கு வேண்டாமென்று
முதலில் கை தூக்கியவர் பாதிரியார்.

முன்பு வீட்டுக்கு வீடு கொல்லையில்
ஒரு டீசல் எஞ்சின் இருமிக்கொண்டிருக்கும்.
யார் எத்தனை மணிக்குப் படுத்தார்கள்
என்பது ஊருக்கே தெரியும்.
கடலடியில் கம்பி இழுக்க
அக்கரைக் கம்பெனி ஒரு தொகை சொன்னது.
அதன் பூஜ்யங்களை எண்ணுவதற்கே
ஒரு கூட்டம் போட்டோம்.

பிறகுதான் ஓடையில் சுழலி, குன்றின்மேல் இரண்டு காற்றாடி,
பள்ளிக்கூரையில் தகடுகள்.
எஞ்சின்கள் நின்ற முதல் ராத்திரி
யாருக்கும் தூக்கமில்லை.
என்னவோ ஆகிவிட்டதென்று இஷபெல்
டார்ச்சோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

மர்ரகு மட்டும் எதிர்த்து வாக்களித்தார்.
மழையை நம்பிக் கடன் வாங்குகிறீர்கள் என்றார்.
இணைப்பை வாங்கிக்கொண்டார்,
கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நாங்கள் ஆற்றிலிருந்து எடுப்பதை அளக்கிறோம்.
கெட்டில் போடுமுன் ஹீட்டரை அணைக்கிறோம்.
துணி துவைக்கக் காற்றைப் பார்க்கிறோம்.

நவம்பரில் ஒரு ராத்திரி எல்லாம் அணைந்தது.
முறைப்பட்டியலில் அந்த வாரம் என் பெயர்.
புகார் எண் என்று சுவரில் ஒட்டியிருந்ததை
மர்ரகு அழைத்தார்.
மணி என் சட்டைப்பையில் அடித்தது.

"யார் பொறுப்பு?" என்றார்.
சொல்வதற்கு என்னிடம் ஒரு கம்பெனிப் பெயரில்லை.
"பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாங்க" என்றேன்.

மழை பக்கவாட்டில் பெய்தது.
மேலோடை மடையின் சல்லடையை
அடைத்துக் கிடந்தது ஒரு செத்த ஆடு.
புரட்டினோம்.
முதுகில் நீலச் சாயம், இரண்டு கோடு.
தீவில் அந்த அடையாளம் ஒருவருக்குத்தான்.
அவர் டார்ச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆளுக்கு இரண்டு கால் பிடித்து இழுத்தோம்.
தண்ணீர் ஒருமுறை விக்கி, பிறகு இறங்கியது.
கீழே இஷபெல் வீடு,
அப்புறம் படகுத்துறை,
கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் வீடு.

வெளிச்சம் போன மூன்று மணி நேரத்துக்கு
என்ன அபராதம் என்று மறுநாள் வந்து கேட்டார்.
அதற்கு எங்கள் நோட்டில் பத்தி இல்லை.
பென்சிலை வாங்கி, பட்டியலின் கடைசியில்
தன் பெயரை எழுதினார்,
எழுத்துக்கூட்டி, அழுத்தமாக.

இந்த வாரம் மழை. எண் அவருடையது.
சும்மா ஒருமுறை அழைத்துப் பார்த்தேன்.
"என்ன புகார்?"
"ஒன்றுமில்லை. கெட்டில் கொதிக்கிறது."
"ஹீட்டரை அணைத்தாயா?" என்று கேட்டுவிட்டு
பதிலுக்குக் காத்திராமல்
வைத்துவிட்டார்.