நானூறு பீடி

வியாழக்கிழமை அம்பை ஆஸ்பத்திரியில்
பதினோராம் எண் அறைதான் மனநலப் பிரிவு.
மற்ற நாளில் அங்கே கண் பரிசோதனை.
சுவரில் எழுத்துகள் மேலிருந்து கீழே
சிறுத்துக்கொண்டே போகும்.
அதற்கும் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
தரம் பார்க்க வந்த எனக்கு.

என்னிடம் நாற்பத்திரண்டு கேள்விகள் உண்டு.
தனியறை இருக்கிறதா: ஆம், இல்லை.
இருக்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
சுகர் மாத்திரைக்கு நிற்பவர்கள்
தலையை மட்டும் உள்ளே நீட்டி
"இது எந்த லைன்?" என்கிறார்கள்.
அதை எழுதக் கட்டம் இல்லை.

மருந்து இருப்பு.
பார்மசிஸ்ட் அருள்ராயன்
காலி டப்பாவைக் கவிழ்த்தே காட்டினார்,
சொன்னால் நம்பமாட்டேன் என்பதுபோல.

ஒன்பதாவது கேள்வி, காத்திருந்த நேரம், நிமிடத்தில்.
முக்கூடல் பக்கம் சிங்கம்பாறையிலிருந்து
தம்பியைக் கூட்டி வந்திருந்த வெயிலுகந்தாள்
சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
அது ஓடவும் இல்லை.
தன் விரல்களைப் பார்த்தாள்.
"நானூறு பீடி சுத்தியிருப்பேன்" என்றாள்.

நானூறு என்று போட்டேன்.
அவசரத்திலா, வேண்டுமென்றா,
இன்றுவரை எனக்கே தெரியாது.

முப்பத்தொன்று, பக்கவிளைவு கேட்கப்பட்டதா.
சொரிமுத்து வாய் திறக்கவில்லை.
அவன் கை மட்டும் தொடைமேல்
தராசு முள்போல ஆடிக்கொண்டிருந்தது.
"காதுல கேட்ட சத்தமெல்லாம் நின்னுபோச்சும்மா.
நூல் கட்டத்தான் ஏலல.
மின்ன நான் சுருட்டிப் போடப் போட
கட்டிக்கிட்டே வருவான்.
இப்பம் நூலு அவனைக் கட்டுது."

நடுக்கத்துக்கு மாத்திரை உண்டு.
வெள்ளையாய், சின்னதாய்.
கவிழ்த்துக் காட்டிய அந்த டப்பாவில்
இருந்திருக்க வேண்டியது.

பதினைந்து நாள் கழித்துக் கொக்கிரகுளத்தில் கூட்டம்.
அம்பையின் சராசரி ஏன் இப்படி ஏறியது?
கிளினிக்கே நாலு மணி நேரம்தான்,
ஒரு ஆள் எப்படி நானூறு நிமிடம் காத்திருக்க முடியும்?
சென்னையில் கேட்கிறார்கள்.

"நிமிடம் இல்லை சார். பீடி."

யாரோ சிரித்தார்.
ஜன்னலுக்கு வெளியே தாமிரபரணியில்
ஒருவர் எருமையைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன்.
அப்போதுதான், எந்தக் கூட்டத்திலும் பேசாத
கணக்குப் பிரிவு சிவனணைந்தபெருமாள்
பேனாவை மூடாமலே சொன்னார்:
"எங்க வீட்லயும் சுத்துனாவ.
நானூறுன்னா அரை நாள் கூலி போச்சு சார்."

சிரித்தவர் தண்ணீர் குடித்தார்.

அன்று எழுதிய தீர்மானங்களில்
இரண்டு நிஜமாகவே நடந்தன.
முக்கூடலிலேயே மாத்திரை, ரெண்டு மாசத்துக்குச் சேர்த்து.
வெள்ளை மாத்திரைக்கு உள்ளூர்க் கொள்முதல்.
கட்டம் ஒன்பதைத் திருத்தச் சொல்லி
எனக்கு ஒரு மெயிலும் வந்தது.
இருநூற்று எழுபது என்று திருத்தினேன்.
அதுவும் குத்துமதிப்புதான்.

போன வாரம் ஐப்பசி மழைக்குள்
முக்கூடலில் அவளைப் பார்த்தேன்.
"தம்பி கை எப்படி இருக்கு?"
"கட்டுதான், கட்டுதான்.
கட்டு லூசுன்னு நூத்துக்குப் பன்னெண்டு
கழிச்சுட்டானுவ கம்பெனியில."
கம்பெனிக்காரனை வைதாள்.
ஈரத்தில் ஊறிப்போன இலையை வைதாள்.
தம்பியையும் ஒரு வார்த்தை வைதாள்.
பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்,
எனக்கும் ஒன்று பாக்கி இருப்பதுபோல.

நாற்பத்திரண்டிலும் தேடினேன்.
கடைசிப் பக்கத்தில் 'பிற' என்று ஒரு கோடு விட்டிருக்கிறார்கள்.
அதில் எழுதினேன்:
நூறில் கழிவு பன்னிரண்டு.
மீதி, அவன் கட்டியது.

மழை விடவில்லை.
பஸ் ஸ்டாப்பில் நின்றபடி
அருள்ராயனுக்கு போன் போட்டேன்,
வெள்ளை மாத்திரை இன்னும் எத்தனை இருக்கு என்று.
"லைன்லயே இருங்க, எண்ணிட்டு வாரேன்."

இருந்தேன்.