புள்ளிக்கு முன்னால் பூச்சியம்

ஓல்டன் ரயில் நிலையத்தில் ஒரு கல் நிற்கிறது.
அதில் வெட்டியிருப்பது பூச்சியம்.
இந்த நாட்டின் தண்டவாளங்களை ஒருகாலத்தில்
இங்கிருந்துதான் அளந்தார்களாம்.
காலையில் அதைத் தாண்டி வேலைக்குப் போகிறேன்.
இரவில் என்னுடைய பூச்சியத்திடம் திரும்புகிறேன்.

மாறுதடம் என்று பெயர்.
சின்ன நிரல். மூன்று பேர் பார்த்துக்கொள்கிறோம்,
கேட்காமலே யாரும் எடுத்துப் போகலாம்.
ஒரு ரயிலில் இறங்கி இன்னொன்றில் ஏற
எத்தனை நிமிடம் வேண்டும் என்று சொல்லும்,
வேறொன்றும் தெரியாது அதற்கு.

0.9க்குப் பிறகு 0.10 வெளியிட்டபோது
பின்னால் போகிறீர்களா என்று ஒருவர் கேட்டார்.
இது தசமம் இல்லை ஐயா,
புள்ளி இங்கே வெறும் வேலி.
தமிழில் எண்ணிப் பாருங்கள்,
ஒன்பது என்ற சொல்லுக்குள்ளேயே
பத்தின் வால் தொங்குகிறது
என்று எழுத நினைத்து, எழுதவில்லை.

கடைசி எண் மட்டும் மாறினால்
பழுது பார்த்தோம், நீ தூங்கு என்று பொருள்.
நடு எண் மாறினால் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது.
முதல் எண் மாறினால்
உன் வீட்டுச் சாவி இனிப் பொருந்தாது.
எங்கள் முதல் எண் மாறியதே இல்லை.
ஏழு வருடம், பூச்சியம்.
பூச்சியம் என்றால் எதுவும் மாறலாம்,
கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.
வாக்குக் கொடுக்காதவள்
வாக்குத் தவற முடியாது அல்லவா.

0.14.3.
லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தை
மொத்தத்திலிருந்து உருவித் தனி வரியாக வைத்தேன்.
அழகாக இருந்தது.
சோதனைகள் அத்தனையும் பச்சை,
ஏனென்றால் சோதனைகளையும் நானே திருத்தியிருந்தேன்.
சின்ன வேலைதானே என்று
கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டினேன்.

பத்து நாள் கழித்து நொயெமி எழுதினாள், பீல் நகரத்திலிருந்து.
சக்கர நாற்காலிக்காரர்களுக்கு அவள் செய்த செயலி
எங்கள் நிரலின் மேல்தான் நிற்கிறதாம்.
எங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்வதில்லை.
'ஐந்து நிமிடம் போதும் என்றது.
லிஃப்ட் வரவே நான்கு.
கடைசி ரயிலின் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு
ஓல்டனில் விடியும்வரை இருந்தேன்.
உங்கள் மூன்றாம் எண்ணை நம்பினேன்.'

கையேட்டின் முதல் பக்கத்தை அனுப்பலாம் என்றான் பெயாட்.
பூச்சியத்தைக் காட்டலாம்.
நானும் தட்டச்சு செய்யத் தொடங்கினேன்,
பாதியில் கை நின்றது.
அந்த இரவு என் சன்னலிலிருந்து
இருநூறு மீட்டரில் அவள் இருந்திருக்கிறாள்.

0.14.3ஐத் திரும்பப் பெற்றோம்.
எடுத்த எண்ணை மறுபடி யாருக்கும் கொடுக்க முடியாது.
பட்டியலில் அந்த இடம் விழுந்த பல்லாகவே இருக்கும்,
நாக்கு போய்ப் போய்த் தொடும்.

பிறகு ஒரு ஞாயிறு
கைக்கடிகாரத்தோடு நிலையத்து லிஃப்டில்
பதினேழு முறை ஏறி இறங்கினேன்.
டிக்கெட் பரிசோதகர் ஒருவர் என்னையே பார்த்தார்.
கதவு மூடப் பதினோரு நொடி.
மழை நாளில் பதின்மூன்று, காரணம் தெரியவில்லை.

மார்ச் மாதம் 1.0.0.
முந்தையதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று
யாட்விகா லைப்ஸிக்கிலிருந்து கேட்டாள்.
நிரலில் ஒரு வரி,
அந்த வரியிலும் எண் மட்டும்.
இதற்கா ஏழு வருடம் என்றாள்.
ஆமாம், இதற்குத்தான்.

இனி அந்த வரியைக் குலைக்க வேண்டுமானால்
இரண்டு என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் குலைக்க வேண்டும்.

மறுநாள் விடியுமுன்பே தொலைபேசி.
கையேட்டில் நொயெமியின் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறேனாம்.
எழுந்து, விளக்குப் போட்டு,
1.0.1.