இடது கன்னம்

மூன்று சனிக்கிழமை, மெரிபேங்க் நூலகத்து மேல்மாடியில்.
கட்டணம் இல்லை, தேநீருக்கு மட்டும் ஐந்து ராண்ட்.
பதினோரு பெற்றோர், பதினோரு கைப்பேசி.
கல்யாணப் படம் எடுக்கும் சிபுசிசோ
எங்களைவிட இளையவன், இன்னும் பிள்ளையில்லாதவன்,
முதல் நாளே சொன்னான்:
"மண்டியிடுங்கள்."

கிரீசன் முனகினான்.
இரவு ஷிப்டு முடித்து நேராக வந்த முழங்கால் அது.
கோவிலில்கூட நின்றே கும்பிடுகிறவன்
வீட்டுக்கு வந்து மகன் உயரத்துக்கு இறங்கினான்.
அங்கிருந்து பார்த்தால்
எங்கள் மேசைக்கு ஓர் அடிப்பக்கம் இருக்கிறது.
அதில் யாரோ பச்சை க்ரயானில் மீன் வரைந்திருக்கிறார்கள்,
எத்தனை நாளாகவோ.

ஃபிளாஷ் வேண்டாம். சுவரோடு ஒட்டி நிறுத்தவேண்டாம்.
"சிரி" என்று சொல்லவே வேண்டாம்.
நாங்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம்.
எங்கள் வாய் அகல்வதைப் பார்த்து
அவனும் பல்லைக் காட்டுவான்.
அதைத்தான் சிரிப்பு என்று
ஆல்பம் ஆல்பமாகச் சேர்த்திருந்தோம்.

இந்த ஊரில் சூரியன் வடக்கே சரிந்து போகிறது.
வடக்கு ஜன்னலில் வெயில் அறையும்,
கண் சுருங்கும், மூக்கு நிழல் உதட்டில் விழும்.
"தெற்கு ஜன்னல்" என்றான் சிபுசிசோ.
எங்கள் தெற்கு ஜன்னலை அலமாரி மறைத்திருந்தது.
கிரீசனும் தம்பி யோகனும் தள்ளினார்கள்.
பின்னால் ஒற்றைச் செருப்பு, இரண்டு பல்லி முட்டை,
அப்புறம்
வடித்த கஞ்சி நிறத்தில் ஒரு வெளிச்சம்.

இரண்டாம் வாரம் ஆளுக்கு இருபது படம் பரப்பினோம்.
எங்கள் மேசையில் அவன் சற்று நின்றான்.
"அழகான பையன். ஆனால்
ஏன் எப்போதும் இடது கன்னம்?"

கடற்கரையில் இடது.
பிறந்தநாள் கேக்குக்கு முன் இடது.
தீமிதி அன்று அப்பா தோளில் இடது.
கூரையில் குரங்கைக் கண்டு அழுதபோதும்.
பக்கத்து மேசையில் யாரோ
சர்க்கரையை ரொம்ப நேரம் கலக்கினார்கள்.
"வெளிச்சம் அந்தப் பக்கம்தான்" என்றேன்.
கிரீசன் என்னைப் பார்க்காமல்
தன் கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.
அதிலும் இடது.

இடது காதுக்குப் பயனில்லை என்றுவிட்டார்கள்.
வலது காதில் மட்டும் ஒரு நீலக் கருவி,
அரசு மருத்துவமனையில்
பதினான்கு மாதம் வரிசையில் நின்று வாங்கியது.
அதற்காகக் குமாஸ்தாவோடு சண்டை போட்டவள் நான்தான்.
படத்தில் மட்டும் அது வரவில்லை.
நான் நினைத்துச் செய்யவில்லை.
கட்டைவிரலுக்குத் தெரிந்திருக்கிறது.

ஞாயிறு. பத்து மணிக்கே மின்சாரம் போயிற்று.
ஆலைப் பக்கமிருந்து முட்டை நாற்றம்,
தகரத்தில் மைனாக்களின் நடை.
தெற்கு ஜன்னலடியில் கவேஷன் லிச்சி உரிக்கிறான்,
உரித்ததற்கு ஏதோ புத்தி சொல்கிறான்.
அவனுக்கு வலப்பக்கம் போய் மண்டியிட்டேன்.
அழுத்தினேன்.
க்ளிக்.
திரும்பிவிட்டான்.

ஒரு நீலக் கோடு, ஒரு பல், லிச்சித் தோல்,
மிச்சமெல்லாம் கலங்கல்.
மறுபடி. க்ளிக். திரும்பினான்.
ஏழு எடுத்தேன், ஏழும் பாழ்.
"சத்தத்தை அணைச்சிட்டு எடேன்"
சமையலறையிலிருந்து கிரீசன்.

போன டிசம்பரில்
இவன் முதுகுக்குப் பின்னால்
பாத்திர அடுக்கு மொத்தமும் சரிந்து விழுந்தது.
அடுத்த வீட்டு நாய் குரைத்தது.
இவன் தலை அசையவில்லை.

"ம்மா, க்ளி?" என்றான்.
க்ளிக், என்றேன்.
சாறு வழியும் விரலால் கைப்பேசியைத் தொட்டு
இன்னொன்று கேட்டான்.
பிறகு இன்னொன்று.
பேட்டரி மூன்று சதவீதம் ஆகும்வரை.

மூன்றாம் வாரம் ஒரே ஒரு படம்.
கிரீசன் தேர்ந்தது தூங்குகிற பிள்ளை, துல்லியமாக, வலது கன்னம்.
நான் கலங்கலை நீட்டினேன்.
சிபுசிசோ உற்றுப் பார்த்தான். "வேகம் போதவில்லை.
இருநூற்றைம்பதில் ஒன்று வையுங்கள்."
எழுதிக்கொண்டேன். தெரிந்திருப்பது நல்லதுதானே.
சத்தத்தை அணைப்பது எப்படி என்றும் சொன்னான்.
அதற்குள் பேனாவை மூடிவிட்டிருந்தேன்.