உப்பு பிறகு

லீ பஜாரில் ஏழு கடை ஏறி இறங்கினோம்.
கறுப்புக் காராமணி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு
திரும்பச் சாக்கிலேயே போடப் போனாள்.
கடைக்காரர் முகத்தைப் பார்த்து
நான்தான் வாங்கி மென்றேன்.

கடைசியில் புள்ளி போட்ட ராஜ்மா அரைக்கிலோ.
தன் ஊர்ப் பயறுக்கு இது சித்தி மகள் என்றாள்,
அப்படித்தான் எனக்குப் புரிந்தது.
இருபது கொண்டை ஊசி வளைவும்
பொட்டலம் அவள் மடியில்.

காப்பி இலையில் விழும் துருவைப்
படமெடுக்க வந்தவள் ரொசாரியோ.
மெக்சிகோவில் அவள் அப்பா தோட்டத்திலும் இதே துருவாம்.
இருதயம் என்கிற என் பெயரைத் தன் மொழிக்கு மாற்றி
கொரசோன், கொரசோன் என்று கூப்பிட்டாள்.
அர்த்தம் தெரிந்த நாளிலிருந்து
பிலோமி என்னோடு சரியாகப் பேசவில்லை.

ராத்திரி ஊறியது. காலையில் மண்சட்டி.
பாதி வெங்காயம், முழுப் பூண்டு,
பன்றிக் கொழுப்பு ஒரு கரண்டி.
உப்பு?
பிறகு.
மத்தியானம், உப்பு?
பிறகு.
மலைமேல் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்,
பயறு சீக்கிரம் வேகாது.
குக்கரை எடுத்துக் காட்டினேன்.
காட்டக் கூடாததைக் காட்டியதுபோல
கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏழு மணிக்குச் சட்டியை மோந்தாள்.
எதுவோ குறைகிறதாம்.
டார்ச்சோடு வெளியே போனவள்
காப்பிக் களத்துக்குப் பின்னால், சாக்கடை ஓரம்,
எபசோத்தே! என்று இருட்டில்
யாரையோ கூப்பிட்டாள்.
ஓடிப் போனால்
மண்ணெண்ணெய் நாற்றமடிக்கும் அந்தக் களை.
பதினோரு வருஷமாய் நான் பிடுங்கி எறிவது.
அதற்குப் பெயர் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும்.
ஒரு கொத்தை முகத்தில் வைத்தபடி
ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.
அழுகிறாளா என்று பார்க்க
வெளிச்சத்தை நான் திருப்பவில்லை.

ஒன்பதரைக்குக் கரண்டியில் ஒரு பயறை எடுத்து ஊதினாள்.
தோல் சுருண்டது.
இப்போ, என்றாள். தமிழில்.

மஞ்சள் இல்லை, புளி இல்லை, தாளிப்பு இல்லை.
பிலோமி சோற்றில் ஊற்றி ஒரு வாய் வைத்து
சுண்டல் வடித்த தண்ணி, என்றாள்.
இன்னொரு தடவை ஊற்றிக்கொண்டாள்.
பிறகு எழுந்துபோய் நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்துவந்து
என்னைத் தாண்டி
அவள் தட்டில் வைத்தாள்.

திங்கட்கிழமை களையெடுக்க ஆள் வந்தது.
சாக்கடை ஓரம் எதற்கப்பா
நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருக்கே,
என்றார் மேஸ்திரி.
பாம்பு இருக்கு, என்றேன்.